ஆறு கிலோ இளைத்த கார்

அந்தமானில் குடியிருப்பவன் தன் எடையை ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. தீவு விட்டுத் தீவு போக ஹெலிகாப்டர் ஏறும் இடத்தில் ஆளையும் பையையும் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒருமுறை நான் அந்த மேடையில் ஏறியபோது கவுண்டரில் இருந்தவர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி எண்ணை வாசித்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒல்லியான நர்ஸம்மா, தன் பையில் இன்னும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆள் இளைத்திருந்தால் சாமான் கூடலாம். இந்தக் கணக்கு எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் என் கார் விஷயத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கார் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பதினான்கு வயதான சின்ன வண்டி. கராச்சர்மாவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும். நிற்கும் என்பதைத்தான் அதன் முக்கியமான தொழில் என்று சொல்ல வேண்டும். ஆபீஸுக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன். டவுன் பஸ் எங்கள் தெருமுனையிலேயே நின்று ஹாரன் அடிக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் டி.வி. இருக்கிறது, மற்றதில் டி.வி. சத்தம் இருக்கிறது. ஆகவே நான் காரில் உட்கார்ந்து படிப்பேன். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊரில், தகரக் கூரைக்குக் கீழே கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு புத்தகத்தைத் திறந்தால் அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? பின் சீட்டு முழுக்கப் புத்தகங்கள். முன் சீட்டில் நானும் ஒரு ஃபிளாஸ்கும்.

என் மனைவியின் பார்வையில் அது பெட்ரோல் குடிக்கிற அலமாரி.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், வடக்கே வேறு தீவில், ரங்கத் என்ற ஊரில் பாக்குத் தோட்டம் வைத்திருக்கிறார். தோட்டத்துக்கும் படகுத்துறைக்கும் அலைய ஒரு சின்ன வண்டி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று அவர் போனில் சொல்லப்போக, இவள், "எங்க வண்டி சும்மாதானே நிக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. என் வாசிப்பு அறைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் டைட்டானியம் பற்றிப் படித்தேன். எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரும்பின் பலம், பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலான எடை, உப்புக்காற்றில் கிடந்தாலும் துரு கிடையாது. விமானத்தில் போடுகிறார்கள். ரேஸ் கார்களின் இஞ்சினுக்குள் வால்வு, ஸ்பிரிங், கனெக்டிங் ராடு எல்லாம் அதிலேயே செய்கிறார்கள். வண்டி எடை குறைந்தால் அதை இழுத்துக்கொண்டு ஓடப் பெட்ரோலும் குறைவாகத்தானே வேண்டும்? விலைதான் யானை விலை, குதிரை விலை. அதனால்தான் நம்மைப் போன்றவர்களின் கார்களில் அதைப் போடுவதில்லை.

சாப்பிடும்போது இதையெல்லாம் விளக்கினேன். சைலன்சரை மட்டும் டைட்டானியத்தில் மாற்றினாலே ஆறு கிலோ குறையும் என்றேன்.

மனைவி என் தட்டில் அடுத்த தோசையை வைத்தபடி கேட்டாள்: "ஆறு கிலோதானே? இந்த அஞ்சாவது தோசைய நிறுத்துங்க. ரெண்டு மாசத்துல குறைஞ்சிடும். எதுக்கு டைட்டானியம்?"

"நான் இஞ்சினியரிங் பேசிக்கிட்டிருக்கேன்."

"நானும் அதைத்தான் பேசறேன். வண்டிக்குள்ள கனமான பார்ட்ஸ் எதுன்னு பாத்து அதை முதல்ல மாத்துவாங்களா, மாட்டாங்களா?"

நான் தோசையைச் சாப்பிட்டேன்.

என் அக்கா மகன் கோயம்புத்தூரில் ரேஸ் கார் கட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். அவனுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை.

"சிரிக்கிறியாடா?"

"இல்ல மாமா. சிக்னல் கட் ஆகுது."

ஆனாலும் நல்ல பிள்ளை. பட்டறையில் மிச்சமாகிக் கிடந்த டைட்டானியக் குழாய்த் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, நான் மனைவியின் தையல் டேப்பால் அளந்து அனுப்பிய அளவுக்கு வெட்டி, பற்றவைத்து, பிறந்தநாள் பரிசு என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பிவிட்டான். அங்கிருந்து அதைத் தீவுக்குக் கொண்டுவந்தது எதிர் வீட்டு அக்காவின் மகன். சென்னையில் காலேஜ் படிக்கிறவன், லீவுக்குக் கப்பலில் வந்தான். கோரைப்பாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவனைத் துறைமுக வாசலில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சைலன்சர் என்றிருக்கிறான். காவலர் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்க்க, இன்னொரு காவலர் அடுத்த முனையில் கண்ணை வைத்துப் பார்க்க, குழாய் வளைந்து போவதால் ஒருவருக்கு மற்றவர் தெரியவில்லை. சந்தேகம் அதிகமாகிவிட்டது. கடைசியில் எப்படியோ விட்டார்கள். கப்பலில் அவன் படுக்கையில் சைலன்சர் நீட்டிப் படுத்துக்கொண்டது, அவன் சுருண்டு படுத்துக்கொண்டான்.

மாட்டிக்கொடுத்த மெக்கானிக் எங்கள் பக்கத்து மலையாளி. அவரும் நானும் ஊர் வழக்கப்படி இந்தியில்தான் பேசிக்கொள்வோம். இருவருக்கும் சமமாக வராது என்பதால் சண்டை வராது. பழைய சைலன்சரைக் கழற்றியபோது பாதி அவர் கையில் வந்தது, மீதி பொடியாகத் தரையில் கொட்டியது. "பாய்சாப், இது தானாவே இளைச்சுக்கிட்டுதான் இருந்திருக்கு" என்றார். புதுச் சைலன்சர் அல்ல, உப்புக்காற்றுதான் அந்த ஆறு கிலோவில் பாதியைக் குறைத்திருக்கிறது என்பது அதன் பொருள். அந்தத் தகவலை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆறு என்ற எண்ணைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தம் மாறிவிட்டது. முன்பெல்லாம் இருமலோடு கிளம்பும் வண்டி, இப்போது ஒரு வண்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் கிளம்பியது. நாலு தெருவுக்குக் கேட்கும்.

பங்குனி உத்திரத்துக்கு ரங்கத் போவது எங்கள் வழக்கம். அதையே பரீட்சையாக வைத்துக்கொள்வதென்று முடிவானது. மனைவி தன் நெற்றியிலிருந்து ஒட்டுப்பொட்டை எடுத்துப் பெட்ரோல் மீட்டரின் கண்ணாடிமேல் ஒட்டினாள்.

"போன பங்குனிக்கு ஃபுல் டேங்க் போட்டுட்டு ரங்கத்துல போய் நின்னப்ப முள்ளு இங்க இருந்துச்சு. இந்தத் தடவையும் ஃபுல் டேங்க் போடறோம், முள்ளு பொட்டுக்கு மேல இருந்தா வண்டி உங்களுக்கு. கீழ இறங்கியிருந்தா சாவிய அண்ணன்கிட்ட குடுத்துட்டு நாம பஸ்ல திரும்பறோம். அங்க வந்து பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்" என்றேன். அறிவியல் என் பக்கம் இருந்தது.

பின் சீட்டிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். டைட்டானியம் குறைத்ததைப்போல் பல மடங்கு எடை அப்போதே இறங்கிவிட்டது. அதைக் கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. குடையை இறக்கினேன். ஃபிளாஸ்கை இறக்கினேன். கிளம்புகிற அன்று காலையில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டேன். மனைவி என் இடுப்பைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யார் வடக்கே வண்டி எடுத்தாலும் அதில் ஊரார் சாமான் போகும். வேண்டாம் என்று சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் சத்தம் போடாமல் நழுவிவிடத் திட்டமிட்டிருந்தேன். சாவியைத் திருகினேன். வண்டு மைக்கைப் பிடித்தது. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

"தம்பி, ரங்கத்துக்குத்தானே? தங்கச்சிக்கு கிரைண்டர் கல்லு. கொத்தி வாங்கி ரெடியா வச்சிருக்கேன்."

"அக்கா, இந்தத் தடவை வண்டியில எடை ஏத்தக் கூடாதுக்கா. பெட்ரோல் டெஸ்ட் பண்றேன்."

"தெரியும் தம்பி. ஆறு கிலோ குறைச்சிட்டீங்கல்ல? இது அஞ்சே முக்கால்தான். மளிகைக் கடைத் தராசுல நிறுத்துட்டுத்தான் கொண்டாரேன். உங்களுக்கு இன்னும் கால் கிலோ மிச்சம் இருக்கு."

நான் இஞ்சினை அணைத்துவிட்டு விளக்கினேன். "அந்த ஆறு கிலோ காலியா இருந்தாத்தான்க்கா பெட்ரோல் மிச்சமாகும்."

"காலியா எதுக்கு தம்பி போகணும்? ஹெலிகாப்டர்லயே எடை மிச்சமிருந்தா சும்மா விடமாட்டான்." பிறகு குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க. என் புள்ள கப்பல்ல மூணு நாள் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தான்."

கல்லை நானே தூக்கி வைத்தேன்.

அதற்குள், நாங்கள் எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பின் தெரு வங்காளி, லுங்கியில் சுற்றிய ஏதோ ஒன்றைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு வந்து நின்றார். தையல் மெஷினின் தலைப்பாகம். முழு இரும்பு. ரங்கத்தில் அவர் மகளுக்கு. "பாய்சாப், சே கிலோ காலி ஹை நா?" என்றார், ஆறு கிலோ காலிதானே என்று. அந்த ஆறு கிலோ இப்போதுதான் போய்விட்டது என்று எதிர் வீட்டு அக்காவைக் காட்டினேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "எனக்கும் தாதாவுக்கும் பாதிப் பாதின்னு வச்சுக்கங்க தம்பி" என்று தாராளமாகச் சொல்லிவிட்டார். ஒரே ஆறு கிலோவை இரண்டு பேருக்கு ஒதுக்கிய பிறகு மூன்றாவதாக ஒரு வெங்காய மூட்டை வந்து பின் சீட்டில் ஏறியது. அதை ஏற்றியது என் மனைவி.

"இது என்ன?"

"கோயில் அன்னதானத்துக்கு. இங்கேருந்து அனுப்பறேன்னு சொல்லியிருந்தேன். சாமி காரியத்துல எடை பாக்கக் கூடாது."

"இது நியாயமா? டெஸ்ட் என்ன ஆகும்?"

"போன வருஷமும்தான் சாமான் ஏத்திக்கிட்டுப் போனோம். சமமாத்தான் இருக்கு. எடுங்க வண்டிய, கான்வாய் போயிடும்."

கான்வாய் என்பது எங்கள் தலைவிதி. வடக்கே போகும் சாலை ஆதிவாசிகளின் காப்புக்காட்டுக்குள் போகிறது. குறிப்பிட்ட நேரங்களில் எல்லா வண்டிகளையும் வரிசையாகச் சேர்த்துக் காவலோடு விடுவார்கள். உள்ளே நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பெட்ரோல் மிச்சப்படுத்த இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த ரேஸ் பட்டறையும் கண்டுபிடித்ததில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வாய்த்தது. அது மேட்டில் ஏறும்போது நான் இரண்டாவது கியரில் அதன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்தேன். மனைவியின் காலடியில் கிரைண்டர் கல். ஏ.சி.யை அணைத்துவிட்டேன்.

"வேகுதுங்க."

"ஏ.சி. பெட்ரோல் குடிக்கும்."

"அப்ப நான் வேகறதும் டெஸ்ட்லதான் சேருமா?"

ஏ.சி.யைப் போட்டேன். மேட்டில் ஏறும்போது முள் சரிந்து பொட்டை நோக்கி வரும்; இறக்கத்தில் கொஞ்சம் நிமிரும். ஒவ்வொரு இறக்கத்திலும் நான், "பாத்தியா?" என்பேன். ஒவ்வொரு மேட்டிலும் அவள் சிரிப்பாள். இருபக்கமும் காடு கருகருவென்று நின்றது. இப்படி இருவரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு பயணம் செய்து பல வருஷமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பார்த்தது பெட்ரோல் மீட்டரைத்தான், இருந்தாலும்.

காடு முடிந்து நீரிணையைக் கடக்க வாகனப் படகு. படகு சாய்ந்துவிடாமலிருக்கக் கனமான வண்டிகளை நடுவிலும் இலேசானவற்றை ஓரத்திலும் நிறுத்துவார்கள். அதைத் தீர்மானிக்கிற படகுக்காரர் எந்தத் தராசும் வைத்திருக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பார், கையைக் காட்டுவார், அவ்வளவுதான். ஓரமாகப் போன என்னை நிறுத்தினார். பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"பாரீ காடி! இதர், இதர்!"

கனமான வண்டியாம். செங்கல் லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். விமானத்துக்குப் போடுகிற உலோகம் இதில் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். லாரியின் நிழலில் நின்றோம். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிர்க்கரை வந்தும் அடங்கவில்லை.

ரங்கத்தில் மச்சான் வீட்டு வாசலில் போய் நிறுத்தியபோது முள் பொட்டுக்குக் கீழே இருந்தது. அதிகமில்லை, ஒரு நூல். மச்சான் நியாயஸ்தர். மீட்டரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"மாப்ள, இது சரிவு. முள்ளு பொய் சொல்லும். கோயில் முன்னாடி மைதானத்துல நிறுத்திப் பாப்போம்."

மைதானத்தில் நிறுத்தினோம். மனைவி குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். நான் சீட்டில் முடிந்தவரை இலேசாக உட்கார்ந்திருந்தேன்.

"கீழதான்" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சொன்ன சொல் மாறக் கூடாது. சாவியைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்தேன். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இருக்கட்டும் மாப்ள, திருவிழா முடியட்டும்" என்றார். "இல்ல மச்சான், வச்சுக்கங்க. இஞ்சின் ஆயில் போன மாசம்தான் மாத்தினேன்" என்றேன். புத்தகம் இல்லாத பின் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெங்காயத் தோல் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலமே சாமான்களுக்கு உரியவர்கள் வந்தார்கள். எதிர் வீட்டு அக்காவின் தங்கச்சி கல்லைத் தடவிப் பார்த்து, கொத்து நல்லா விழுந்திருக்கு என்று சொல்லி, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தாதாவின் மகள் லுங்கியை அவிழ்த்து, மெஷின் தலையை அங்கேயே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். வெங்காயம் கோயில் சமையலுக்குப் போனது. மறுநாள் காவடிகளைப் பார்த்தோம், வெயிலில் நின்றோம், அந்த வெங்காயம் போட்ட சாம்பாரை நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இனி என் எடையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

ஊர் திரும்ப வேண்டிய காலையில் பையோடு வாசலில் நின்றோம். பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தங்கச்சி வந்தாள். கையில் வாழைத்தார், பின்னால் அவள் புருஷன் தலையில் தேங்காய் மூட்டை.

"அக்காவுக்குக் குடுத்துடுங்க. கல்லு வந்ததும் மாவு அரைச்சுப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி இருக்கு."

"வையிங்க, வையிங்க. வண்டி இருக்கே" என்றாள் என் மனைவி.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. ஆனால் அதற்குள் தாதாவின் மகள், அப்பாவுக்கு என்று ஒரு பூசணிக்காயும் அரிசி மூட்டையும் கொண்டு வந்துவிட்டாள். "தீதி, காடி மே ஜகா ஹை நா?" என்றாள். வண்டியில் இடம் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டு, என் மனைவி இல்லையென்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. "பஹுத் ஜகா ஹை", நிறைய இருக்கிறது என்று பின் கதவைத் திறந்து விட்டாள்.

மச்சான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, வண்டி இப்ப என்னுதில்லையா?"

"இதையெல்லாம் பஸ்ல யாருண்ணே தூக்குவா? டவுன்ல இறங்கி இன்னொரு பஸ் மாறணும். தேங்கா மூட்டைய இவரா தூக்கப் போறாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூக்க மாட்டாதவன் போலவே நின்றேன். அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி, கொண்டுபோய் இறக்கிட்டு, அப்புறமா வண்டிய அனுப்புங்க" என்றார் மச்சான்.

"அனுப்பறப்ப அங்கேருந்து யாராவது சாமான் குடுப்பாங்கண்ணே. அதைக் கொண்டாந்தா இங்கேருந்து திருப்பிக் குடுப்பாங்க. இதுக்கு முடிவே கிடையாதுண்ணே. நீ வேற வண்டி பாத்துக்க." சொல்லிவிட்டு அவர் கையிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள். முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. காய்கறி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுப்பாளே, அப்படிக் கொடுத்தாள்.

மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அப்ப அந்த சைலன்சரையாவது கழட்டிக் குடுத்துட்டுப் போங்க மாப்ள. என் ஜீப்போடது ஓட்டையாயிடுச்சு."

நான் பதில் சொல்வதற்குள் மனைவி பதறிவிட்டாள். "அய்யய்யோ, அது மட்டும் முடியாதுண்ணே. அதைக் கழட்டினா ஆறு கிலோ ஏறிடும். அப்புறம் இந்தப் பூசணிக்காய எங்க வைக்கறது?"

இஞ்சினியரிங் ரீதியாக அதில் பல தவறுகள் இருந்தன. நான் எதையும் திருத்தவில்லை. வாழைத்தாரை நகர்த்தி அரிசி மூட்டைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கான்வாய்க்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னேன்.